பேர் கேட்டு வந்த நர்சம்மா

முத்தாண்டிக்குப்பம்
4-6-1963

அம்சவல்லி அப்பாவுக்கு, சாமியம்மாள் எழுதுறது. நான் இருக்கேன். நீங்க சொகமாத்தான் இருப்பீங்க.

நேத்து நெய்வேலி டவுன்ஷிப்புலேருந்து ஜெயசெல்வின்னு ஒரு நர்சம்மா வூட்டுக்கு வந்தாங்க. ஒருத்தருக்கு ரத்தத்துல பொம்பள சீக்காம். அவரு என் பேரச் சொன்னாராம், நானும் சோதனைக்கு ரத்தம் குடுக்கணுமாம். யாருன்னு கேட்டேன். ரகசியம், சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நான் பாத்த ஆம்பள ஒருத்தன்தான், இதுல என்னம்மா ரகசியம்னேன்.

அந்த நோவு வயித்துப் புள்ளயக் கொல்லுமாம். அம்சவல்லிக்கு அப்புறம் எனக்கு மூணு செத்துப் பொறந்துது. ஆடியில ஒண்ணு, மாசியில ஒண்ணு, பொங்கலுக்கு மறுநாள் ஒண்ணு. "புள்ள தங்காத வயிறு"ன்னு உங்கம்மா பந்தியில சொன்னப்ப, நீங்க தலையத் தூக்காம தின்னுக்கினு இருந்தீங்க. அன்னிக்கு அவரக்காப் பொரியல்.

என்ன எங்கம்மா வூட்டுக்கு அனுப்பி வச்சுப் பதினாறு வருசம். எந்தக் காயிதத்துலயும் பொண்டாட்டின்னு எழுதாதவரு, இதுல மட்டும் ஏன் எழுதினீங்க?

சாமியம்மாள்


நெய்வேலி
11-6-1963

சாமியம்மாளுக்கு சாமிக்கண்ணு எழுதுவது.

வேலையில பர்மனென்ட் ஆக்கறதுக்கு ரத்தம் எடுத்தாங்க, நோவு இருக்குன்னு வந்துட்டுது. பொண்டாட்டி பேரக் கேட்டாங்க. இங்க எங்கூட இருக்கற செங்கமலம் முழுகாம இருக்கா, அஞ்சு மாசம். போன தடவ ஏழுல போயிட்டுது. இது தெரிஞ்சா அவ அண்ணன் வந்து கூட்டிக்கினு போயிடுவான். அதான் உன் பேரச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாத. பேத்தி காதுகுத்துக்கு வர்றேன்.

சாமிக்கண்ணு


முத்தாண்டிக்குப்பம்
25-6-1963

அம்சவல்லி அப்பாவுக்கு,

என் ரத்தத்துலயும் இருக்குது. இத்தினி வருசமா கூடவே இருந்திருக்குது.

நர்சம்மாகிட்ட செங்கமலம் பேரு, குவார்ட்டர்ஸ் நம்பரு, மாசம் எல்லாம் சொல்லிட்டேன். இப்பவே ஊசி போட்டா புள்ள பொழைக்குமாம். அவமேல எனக்கு ஆத்திரம் தீரல. பண்ருட்டி சந்தையில என்னப் பாத்து "இந்தக் கெழவியா"ன்னு சிரிச்சவ அவ. நீங்க அவளக் கட்டினப்ப கல்யாணச் சோறு வெந்தது எங்கம்மா எனக்குக் குடுத்த அண்டாவுல. எதயும் நான் மறக்கல. ஆனா உள்ள இருக்கறது என்ன செஞ்சுது எனக்கு?

வியாழக்கிழம நர்சம்மா அங்க வருவாங்க. அதுக்குள்ள நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. காதுகுத்துக்கு வர வேணாம். பதிலும் போட வேணாம்.

ஊசி இடுப்புக்குக் கீழ போடறாங்க. உக்கார முடியல, பஸ்ஸுல நின்னுக்கினே வந்தேன். கூட யாருமில்ல. அவளுக்குப் போடற அன்னிக்கு நீங்க கூடப் போங்க.

சாமியம்மாள்