கமலா போட்ட திராட்சை ஒயின்

1990

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர் வீடு தெரியவில்லை. மோட்டார் ரிப்பேர். கிணற்றில் இறைத்துத்தான் குளியல்.

கமலாவுக்குக் கழுத்துக் கட்டிக்குக் கரன்ட், அதாவது ரேடியேஷன், வைத்து முடித்தாயிற்று. கட்டி குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். போய்விட்டது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாக்கில் ருசி சுத்தமாகப் போய்விட்டது அவளுக்கு. ரசம் கொடுத்தால், "வெந்நீர்தானே?" என்கிறாள்.

பார்க்க வருகிறவர்கள் கையில் எல்லாம் ஸ்குவாஷ் பாட்டில். ஆரஞ்சு, திராட்சை, பைனாப்பிள். அலமாரி நிறைந்துவிட்டது. குடிக்க ஆள் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

லீவு. பின் வீட்டு ஸ்டெல்லா அக்கா கஞ்சி கொண்டுவந்தார். கமலா திடீரென்று, "அக்கா, கிறிஸ்மஸுக்கு ஒயின் போடுவீங்களே, அது எப்படி?" என்றாள். காதில் தப்பாக விழுந்ததோ என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு பீர் பாட்டில் நுழைந்ததில்லை. ஆபீஸ் பார்ட்டிக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே வாயை ஊதச் சொல்வாள். அவள் அப்பா குடித்தே செத்தவர்.

ஸ்டெல்லா அக்கா: "ஸ்குவாஷ்ல வராதும்மா. கெடாம இருக்க மருந்து போட்டிருப்பான், ஈஸ்ட் செத்துடும். பழம் வாங்கிப் பிசைய உனக்குத் தெம்பு ஏது? ஜூஸ் கடையில கருப்பு திராட்சை பிழிஞ்சு வாங்கிக்க. தண்ணி, ஐஸ் எதுவும் சேக்காம."

அவர் போனதும் கேட்டேன், எதற்கு இது என்று. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நான் பாத்துக்க எனக்கு ஒண்ணு வேணும்."

பிப்ரவரி 7, புதன்

ஆபீஸ் விட்டு தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி நேரே ஜூஸ் கடை. தூக்குவாளியை நீட்டினேன்.

"இன்னா சார், ஐஸ் வேணாம், சக்கரை வேணாம், பால் வேணாம். யாருக்கு சார் இது?"

"பேஷண்ட்டுக்கு."

மிக்சியை வேறு தண்ணீரில் கழுவிவிட்டுப் பிழிந்து கொடுத்தார்.

பேக்கரியில் ஈஸ்ட், ஒரு சிட்டிகை. சும்மாவே கொடுத்தார்கள். சர்க்கரை வீட்டில் இருந்தது.

கமலா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாம் அவளே செய்தாள். கண்ணாடி ஜாடி, வெந்நீரில் கழுவி. மூடியில் ஓட்டை போட்டது மட்டும் நான். ஓட்டையில் டிரிப்ஸ் டியூப். ஆஸ்பத்திரியில் வாங்கச் சொல்லிப் பிரிக்காமல் மிச்சமானது. சுற்றி மைதா பசை. டியூபின் மறு நுனி தண்ணீர் டம்ளரில். காற்று வெளியே போகலாம், உள்ளே வரக்கூடாதாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

டம்ளரில் குமிழி. நேற்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டதாம், என்னை எழுப்பவில்லை. நாற்காலியைச் சமையலறைக்கே இழுத்துப்போட்டுக்கொண்டாள். சூடு ஏறக்கூடாது என்று ஜாடியைச் சுற்றி ஈரத் துணி, அது காயக் காய நனைக்கிறாள். அரை இட்லி சாப்பிட்டாள், நான் சொல்லாமலே.

வலி மாத்திரை தீர்கிறது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அவள் அண்ணன் மாடம்பாக்கத்திலிருந்து வந்தார். ஒரு ஸ்குவாஷ் பாட்டிலோடு. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இன்னா மாப்ள இது, வாடை?"

சொன்னேன். டியூபைப் பிடுங்கி, ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார். நான் தடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

"எங்கப்பா வாந்தியக் கழுவுனவன் நான் மாப்ள. அவ அப்ப சின்னப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்?"

கமலா கதவருகே நின்றிருந்தாள். போய்ப் படுத்தாள்.

பிப்ரவரி 12, திங்கள்

கமலா சாப்பிடவில்லை. கழுத்தில் இடது பக்கம் வீக்கம் திரும்பவும். அவள் காட்டவில்லை, புடவைத் தலைப்பு விலகியபோது பார்த்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

விடிந்ததும், "மறுபடி போடுங்க" என்றாள்.

அதே கடை. "பேஷண்ட் எப்டி கீறாங்க சார்?" "இருக்காங்க." இந்த முறை கலக்கியது எல்லாம் நான். அவள் படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தண்ணீர்கூட இறங்கவில்லை. அட்மிஷன். மூக்கில் டியூப். குரல் கரகரவென்று, காதைக் கிட்டே வைத்தால்தான் கேட்கிறது. கேட்டது: "டம்ளர்ல தண்ணி வத்தாம பாத்துக்குங்க."

ராத்திரிக்கு அவள் அண்ணன் துணை. நான் பகல். அவர் தினமும் பெஞ்சில் உட்கார்ந்தே தூங்குகிறார். அவரிடம் இரண்டாவது ஜாடியைப் பற்றிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, புதன்

துணி துவைக்க வீட்டுக்கு வந்தேன். குமிழி நின்றுவிட்டது. வேட்டித் துணியில் வடிகட்டினேன். அடியில் சேறு மாதிரி. மேலே நல்ல சிவப்பு. டானிக் பாட்டிலைக் கழுவி, கொஞ்சம் ஊற்றிப் பைக்குள் வைத்தேன்.

மார்ச் 1, வியாழன்

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பஞ்சில் நனைத்து நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். முகம் சுளித்தது. பயந்துபோய்ப் பஞ்சை எடுத்தேன்.

"எரியுது" என்றாள். கொஞ்சம் கழித்து, "புளிப்பு தெரியுதுங்க."

ராத்திரித் துணைக்குச் சீக்கிரமே வந்துவிட்ட அண்ணன் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தார். வாடையிலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

"அண்ணே, நீ கொஞ்சம் குடி."

"நானா? ஜென்மத்துல தொட்டதில்லமா."

"நான் போட்டது."

கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். மருந்து மாதிரி ஒரே வாயில் விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"கசப்பா கீதுமா."

"மொதல்ல போட்டது நல்லா வந்திருக்கும். நீதான் சாக்கடைக்குக் குடுத்துட்ட."

சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு மூடியைக் கழுவுகிறேன் என்று வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை.

மார்ச் 2, வெள்ளி

வெயில் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார். இனிமே இங்க வச்சிருந்து செய்றதுக்கு ஒண்ணும் இல்ல."

வார்டுக்கு வந்ததும் கமலா, "என்ன சொன்னாரு?"

"நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னாரு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள் ரூம்ல வேணாங்க. ஹால்ல கட்டிலப் போடுங்க. எல்லாரும் வந்து போக வசதியா இருக்கும்."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ரப்பர் ஷீட் வாங்க வேண்டும். கட்டிலைத் தூக்க அவள் அண்ணன் வருகிறேன் என்றார். சோபாவை எங்கே போடுவது.