பை தூக்காத மச்சானுக்கு

அன்பு மச்சான் சேவியர்,

நீ ஒரு நாளும் அடுத்தவரின் கோல்ஃப் பை தூக்கியதில்லை. தூக்கியது நான். ஆனால் ஏற்காடு பஸ் நிலையத்தில் உன் முதலாம் ஆண்டு நினைவுக்கு வைத்திருக்கும் ஃபிளெக்ஸில், 'பை தூக்கிய கைகள் தேசிய கோல்ஃப் போட்டியில் மட்டை பிடித்தன' என்று போட்டிருக்கிறார்கள். உன் சிரிப்பு என் ஜீப்பைவிடப் பெரிதாக இருக்கிறது. சேலத்திலிருந்து ஆள் ஏற்றி வரும் ஒவ்வொரு தடவையும் அதன் அடியில்தான் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது.

நேற்று டீக்கடையில், நினைவுக் கூட்டத்தை நடத்தும் பெரியசாமி அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க பிரிட்டோ, நீங்கதானுங்களே டெல்லிக்கு அவரோட துணைக்குப் போனது? ஞாயித்துக்கெழம ரெண்டு வார்த்தை பேசிருங்க. நொம்ப வேண்டாம்."

"துணைக்கு இல்லீங்க. அவன் பையத் தூக்கப் போனேன்."

"அட, நீங்களும் தூக்குனீங்களா! பாருங்க, ரெண்டு பேருமே நொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க."

டீக்குக் காசை வைத்துவிட்டு ஜீப்புக்கு நடந்தேன்.

அந்தப் போட்டியின் கதையை எனக்குச் சொன்னவனே நீதான். டெல்லிக்குப் போகும் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு சொன்னாய். பெரிய கிளப்புக்காரர்கள் கூடித் தொடங்கிய போட்டி. ஆரம்ப வருடங்களில் கோப்பை பெரும்பாலும் கடல் கடந்துதான் போனது. ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்ட நம் நாட்டுக்காரர் ஒருவர் ஜெயிக்கவே ஒரு தலைமுறை ஆனது. அப்புறம், கிளப்பின் பின்வாசல் வழியாகப் போய் அடுத்தவர் பையைச் சுமந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதே கோப்பையைத் தூக்கினார்கள். சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது உன் கதையா மச்சான்?

உன் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். என் அப்பா அதே எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கவாத்து செய்தவர். வாழவந்தி பக்கம், மேனேஜர் பங்களாவுக்குப் பின்னால் மூன்றே குழி வைத்த மைதானம் ஒன்று இருந்ததே, அங்கே ஞாயிறுதோறும் மேனேஜரின் பையைத் தூக்கியவன் நான். நீ பூசை முடிந்து, சட்டை கசங்காமல் வேடிக்கை பார்க்க வருவாய். அவர் போன பிறகு, அவர் ஒதுக்கிய மட்டையால் இருவரும் அடிப்போம்.

பெங்களூருக்குப் பயிற்சிக்கு ஒருவனை அனுப்புவதென்று அவர் முடிவு செய்தபோது, ஆளுக்கு ஒரு பந்து அடித்துக் காட்டச் சொல்லவில்லை. "உங்கப்பா என்ன வேலை?" என்றார். "கவாத்துங்க" என்றேன். "ரைட்டருங்க" என்றாய். தேர்வு முடிந்துவிட்டது.

வருடங்கள் கழித்து நீயே வந்து கூப்பிட்டாய், தேசியப் போட்டியில் உன் பையைத் தூக்க. வந்தேன். ஆட்டக்காரர் பெயர் எழுதிய மேலங்கியைத்தான் பை தூக்குகிறவன் போட வேண்டும். நான்கு நாளும் என் முதுகில் உன் பெயர். யாராவது "சேவியர்!" என்று கூப்பிட்டால் நான் திரும்பினேன்.

கடைசி நாள் நிருபர் ஒருவர் உன்னிடம் வந்தார். "நானும் பை தூக்கித்தான் வந்தேன்" என்றாய். உன் பை அப்போது என் தோளில் இருந்தது.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"அவங்களுக்கு அந்தக் கதைதான்டா வேணும். ரைட்டர் பையன்னா எவன் எழுதுவான்? கோவிச்சுக்காத சாமி."

சின்னப் பையனைக் கொஞ்சுகிற மாதிரி சாமியாம்! உன்னைவிட நான் ஒரு வயது மூத்தவன்.

பொறாமைதான் மச்சான், மறைக்கவில்லை. உன் சாவுக்கு வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். என் அப்பா செத்தபோது கூட வேலை செய்தவர்களுக்கு அரை நாள் லீவு கொடுக்க எஸ்டேட் யோசித்தது. இந்த வருடப் போட்டியைப் போனில் பார்த்தேன். குழியிலிருந்து கொடியை எடுத்துப் பிடித்தபடி பை தூக்குகிறவன் ஒருவன் நின்றான். பந்து உள்ளே போனதும் கேமரா அவனை விட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவேன். அழுதாலும் அழுவேன். ஆனால் தூக்கியது யார் என்பதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பதிலுக்கு எனக்கும் ஒன்று வேண்டும். அந்தக் கடைசி நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, பயிற்சித் திடலில் உன் பெரிய மட்டையை என்னிடம் நீட்டினாய். பை தூக்குகிற நாங்கள் அங்கே அடிக்கக் கூடாது. "ஒன்னே ஒன்னு அடி மச்சான், யாரும் பாக்கல" என்றாய். அடித்தேன். அடிக்கிறவன் தலையைத் தூக்கக் கூடாது. பந்து போகிற இடத்தைப் பின்னால் நிற்பவன்தான் பார்க்க வேண்டும். உனக்காக நான் பார்த்த பந்துகளுக்குக் கணக்கில்லை. எனக்காக நீ பார்த்தது அது ஒன்றுதான்.

காவலாள் கத்திக்கொண்டு ஓடிவந்தார். நான் நிமிர்ந்தபோது மங்கலில் பந்து தெரியவில்லை. உன் முகத்தில் சிரிப்பு இல்லை. மட்டையை வாங்கி உறையை மாட்டினாய். ஊர் வந்து சேரும்வரை நீ வாய் திறக்கவில்லை. கேட்க என் வீம்பும் விடவில்லை. அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. அதைக் கேட்கிற நேரமா அது?

இப்போது கேட்கிறேன். நீ பார்த்தாய். என் பந்து எங்கே விழுந்தது? நீ அடிக்கும் தூரத்தைத் தாண்டியதா இல்லையா? சொல்லுடா.

உன் அத்தை மகன்,
பிரிட்டோ