பீரோவில் ஒரு கேஜ்

12 பிப்ரவரி 2025, புதன்

இன்றோடு அறுபத்தோரு கம்பெனி முடிந்தது. கோவையில் இருக்கிற சோதனைக்கூடங்கள், தரச் சான்றுகள், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வசதிகள் எல்லாவற்றையும் கணக்கெடுத்து, அவை கூடினால் தொழிலும் வளர்கிறதா என்று சொல்ல வேண்டும். என் ஆராய்ச்சி அதுதான்.

கடைசியாகப் போனது துடியலூரில் அண்ணன் பாலகோபாலின் பம்ப் கம்பெனி. தங்கச்சி என்றாலும் கேள்வி கேள்விதான் என்று மிரட்டிப் பார்த்தேன். அத்தனை சான்றையும் ஃபைல் போட்டு அடுக்கி வைத்திருந்தார். முழு மதிப்பெண். எனக்குப் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

டெஸ்ட் மேடையில் சுப்பண்ணன். பம்பின் ஓட்டுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்ப்பது இருபது வருடமாக அவர் வேலை. போட்டோ எடுத்தேன். "முன்னயே சொல்லியிருந்தா தலை சீவிட்டு வந்திருப்பனுங்களே அம்மணி" என்றார்.

3 மார்ச்

வரைபடம் அழகாக வந்திருக்கிறது. சான்று அதிகமுள்ள கம்பெனிகளே வேகமாக வளர்ந்திருக்கின்றன. என் வழிகாட்டி பத்மாவதி மேடம் வாய் நிறையப் பாராட்டினார்.

19 மார்ச்

சுப்பண்ணனுக்கு வலது கண் போய்விட்டது.

டெஸ்ட் நடக்கும்போது மூடி தெறித்து முகத்தில் அடித்திருக்கிறது. அழுத்தத்தைக் காட்டும் கேஜில் முள் ஐந்து கிலோவில்தான் நின்றது என்கிறாராம். ஐந்து கிலோ அழுத்தத்துக்கு அந்த மூடி அசையவே கூடாதே.

22 மார்ச்

தொழிற்சாலை ஆய்வாளர் வந்து போனார். அண்ணன் கேஜின் சான்றைக் காட்டியிருக்கிறார். கேஜ் சரியானது என்றால் அதைப் பார்த்தவர்தான் சரியாகப் பார்க்கவில்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டாராம்.

மனசு கேட்காமல் பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடையில் இருக்கும் கேஜின் எண் 2083. கணக்கெடுப்பில் வாங்கிய சான்று நகலில் 4417. மூன்று முறை பார்த்துவிட்டேன். வேறு வேறு கேஜ்.

23 மார்ச், ஞாயிறு

அண்ணனிடமே கேட்டேன்.

"மேடைல இருக்கறதக் கழட்டி லேபுக்கு அனுப்புனா மூணு நாளு டெஸ்ட் நின்னுபோகும் அம்மணி. அதுக்குன்னே பீரோவுல ஒண்ணு வெச்சிருக்கறோம். வருசா வருசம் அதுதான் போய்ட்டு வருது. எல்லாக் கம்பெனிலயும் இப்பிடித்தான்."

"அப்ப மேடைல இருக்கறது?"

"மாட்டுன நாள்ல இருந்து கழட்டவே இல்ல" என்றார். பிறகு அழுதார். "வெளிய சொல்லிப்போடாதே கண்ணு. அறுவது பேரு பொழைக்கற எடம்."

அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர். சுப்பண்ணனுக்காக ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக நின்றவரும் அவர்தான். கெட்டவர் என்று எப்படிச் சொல்வேன்? நான் மட்டும் என்ன கிழித்தேன்? அறுபத்தோரு இடத்திலும் காகிதத்தைத்தான் பார்த்தேன். ஒரு கேஜையும் தொட்டுப் பார்க்கவில்லை.

29 மார்ச்

ஆஸ்பத்திரி. சுப்பண்ணன் மனைவி சுப்பாத்தாள் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கட்டிலில் படுத்திருந்த சுப்பண்ணன்தான் பேசினார்.

"முள்ளு அஞ்சுலதான் நின்னுச்சுன்னு எனக்கு நெனப்புங்க அம்மணி. ஆனா கேஜுக்குச் சர்டிபிகேட் இருக்குதுங்கறாங்களே. அப்ப நாந்தான் பாக்காம அமுத்திப்போட்டேனாட்ட இருக்குது. மொதலாளிகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்புகிறார். நான் சாத்துக்குடியை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுசி.

1 ஏப்ரல்

ஆய்வாளர் அலுவலகத்தில் போட்டோவைக் கொடுத்து, தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்ணா" என்று எல்லாம் சொன்னேன். கண்கட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "மொதலாளிக்கு இது தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

18 மே

அண்ணன் மகள் தேஜஸ்ரீக்கு நிச்சயம். அடுத்தவர் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பச்சைப் பட்டு அவளுக்கு நன்றாக இருந்தது.

9 ஜூலை

விசாரணை முடிந்தது. சுப்பண்ணன் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். கண் வரப்போவதில்லை.

மறுபடி எல்லாக் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது முதலில் மேடைக்குப் போய் எண்ணைப் பார்க்கிறேன், அப்புறம்தான் சான்று. நாற்பதில் பதினாறு பொருந்துகிறது. அந்த அழகான வரைபடம் கலைந்தே போயிற்று.

இன்று துடியலூர் முறை. அண்ணனின் கார் உள்ளேதான் நின்றது. வாட்ச்மேன் ராமுலு கேட்டைத் திறக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே, "மொதலாளி ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாருங்க" என்றார்.

"சரிங்க. சாப்பிட்டாரான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

உள்ளே போய்த் திரும்பி வந்தார். "சாப்பிட்டாச்சாமுங்க. உங்களயும் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாருங்க."

கேட்டுக்கு வெளியே நின்று படிவத்தை நிரப்பினேன். நிறுவனம் 61. பதில் தர மறுத்துவிட்டார்.