நீங்கள் பாடாமல் விட்ட அடி

இஞ்சருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இப்போதும் வாய் வரவில்லை. குசினி அடுப்படியிலிருந்து இப்படி ஒரு தரம் கூப்பிட்டால் "என்னப்பா" என்று வருவீர்களே, அந்த நினைப்பிலேயே எழுதுகிறேன். என் அன்பானவரே, நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று எனக்கு இப்போது தெரியும். போன கிழமை வரைக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ஆண்டு நினைவு ஆராதனைக்கு என்னென்ன பாட்டுப் படிக்கலாம் என்று நம் மகள் மெரினா கேட்டாள். சொன்னேன். "அப்பாவின்ர பாட்டை விட்டிட்டீங்களே அம்மா" என்றாள். கிருபையையும் இரட்சிப்பையும் பற்றிய அந்தப் பழைய பாட்டைத்தான் சொன்னாள். வன்னியில் பதுங்கு குழிக்குள் இருந்தும் படித்த பாட்டு. இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்த புதிதில், ஒருவரையும் தெரியாத சேர்ச்சில் அந்த மெட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனாலும் வேண்டாம் என்று விட்டேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

மற்ற எல்லோரையும் விடச் சத்தமாகத்தான் தொடங்குவீர்கள். பாடுகிறவர் தன்னைப் பாவி என்று ஒத்துக்கொள்கிற அடி வந்ததும் வாயை மூடிக்கொண்டு யன்னலைப் பார்ப்பீர்கள். அது முடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பவும் படிப்பீர்கள். முழங்கையால் எத்தனை தரம் இடித்திருப்பேன். வீட்டுக்கு வந்து கேட்டால், "நான் ஆரின்ர குடியைக் கெடுத்தனான்? வீடு போச்சு, காணி போச்சு, கூடப்பிறந்தவனும் போயிட்டான். நான் ஏனப்பா என்னையே பாவியெண்டு ஏசோணும்?" என்றீர்கள். சோற்றைப் போட்டேன்.

நீங்கள் இருக்கும்வரை அது எனக்குச் சிரித்துவிட்டுப் போகிற ஒரு பகிடிதான். பிடிவாதக்காரன், கர்த்தர் சமாளித்துக்கொள்வார் என்று விட்டிருந்தேன். பிறகு நீங்கள் ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தீர்கள். போதகர் வந்து ஜெபித்தபோது உங்களால் ஆமென் சொல்லவும் முடியவில்லை. செத்தவீட்டுக்கு வந்த ஜெபக்குழுச் சாந்தியக்கா, "கடைசியிலையெண்டாலும் மன்னிப்புக் கேட்டவரோ?" என்று என் காதுக்குள் கேட்டார். அது மீன்முள் மாதிரி என் தொண்டையில் நின்றுவிட்டது. கேட்காதவனுக்கும் கிருபை கிடைக்குமா? வாயை மூடிக்கொண்ட மனிசனை அது தேடிப் போகுமா? போதகரிடம் கேட்கப் பயம். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

போன கிழமை றஹீம் நானா வந்தார். உங்களோடு லொறியில் கற்பிட்டி வெங்காயமும் மிளகாயும் ஏற்றித் திரிந்த அதே மனிதர்தான். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம் சனங்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, இங்கே தில்லையடியோடு ஒன்றிப்போனவர். ஆண்டு நினைவுச் சமையலுக்கு என்று ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொண்டுவந்து இறக்கினார். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். மெரினா உள்ளே, என் சொல்லைக் கேளாமல், அந்தப் பாட்டையே படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். உங்கள் மகள் அல்லவா.

"தம்பிட பாட்டுத்தானே இது?" என்றார் நானா.

அவருக்கும் அந்தப் பாட்டுத் தெரியுமோ என்று கேட்டேன். தெரியாமல் என்ன, சாமான் இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பும்போதெல்லாம் பாலாவிச் சந்தி வரைக்கும் அதுதான் என்றார். முழுப் பாட்டும் இல்லையாம், ஒரே ஓர் அடிதானாம். உங்கள் குரல் நல்லம் என்று மட்டும் பொய் சொல்லமாட்டாராம். எந்த அடி என்று கேட்டேன். அவருக்கு மெட்டு வரவில்லை. பாவி என்று வருமே, அந்த அடி என்றார்.

நானா தன்பாட்டில் கதைத்துக்கொண்டு போனார்.

"ஒருநாள் நான் கேட்டேன் தங்கச்சி, ஏன் தம்பி இத மட்டும் படிக்கிறீங்க எண்டு. அதுக்கு அவர், மத்ததெல்லாம் சேர்ச்சில எல்லாரோடயும் படிச்சாச்சு நானா, இது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கதை, ஆக்களுக்கு முன்னால வாய் வருகுதில்ல எண்டு சொன்னார்."

அட மனிசா. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குச் சொல்லாததை வெங்காய லொறிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு. அதற்குப் பிறகு அழுத அழுகையில் மெரினா ஓடிவந்து, நானா ஏதோ சொல்லிவிட்டார் என்று அவரை முறைத்தாள். பாவம் அந்த மனிதர், எழும்பி நின்று, தான் பிழையாக ஒன்றும் கதைக்கவில்லையே என்று தடுமாறினார். "இல்லை நானா, என்ர வயித்தில பால் வாத்திட்டீங்கள்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தப் பாட்டைத்தான் முதலில் படித்தோம். நானாவும் மனைவியும் வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார்கள். முடிந்ததும் சாந்தியக்காவைத் தனியே கூப்பிட்டு லொறிக் கதையைச் சொன்னேன். நறுக்கென்று ஒரு சொல்லுக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன், ஆனால் அவர் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற மகன் சேர்ச் பக்கமே போவதில்லையாம். அந்தப் பயத்தில்தான் உங்களைப் பற்றியும் அப்படிக் கேட்டாராம். அவனும் எங்கேயாவது தனியாகப் படிப்பான் அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

எனக்கு இப்போது நித்திரை வருகிறது. கறியில் உப்புப் புளி தெரிகிறது. நீங்கள் எங்கே போய்ச் சேர்ந்தீர்களோ என்று ஒரு வருஷமாகப் பார்க்கிறவர் முகத்திலெல்லாம் பதில் தேடித் திரிந்தேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் எங்கே என்று இனி யாரிடமும் கேட்கமாட்டேன். கர்த்தரிடம்கூடக் கேட்கமாட்டேன்.

உங்கள் மனைவி,
மெரினாவின் அம்மா