வெள்ளாயணிக் காயலின் கிழக்குக் கரை

நவம்பர் 8, சனி

நாலு மணிக்கு மழை விட்டது. செயின் துடைத்து எண்ணெய் போட்டாயிற்று. பின் டயரில் காற்று குறைவு. நாளைக்கு எடுத்துவைக்க: பம்ப், பஞ்சர் பெட்டி, இரண்டு நேந்திரம்பழம், தண்ணீர், பென்சில்.

பிந்து அயர்லாந்து போய் இன்றைக்கு ஐந்து வாரம். மூன்று வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் சேர்ந்து ஓட்டினோம். தார் ரோடு கூடியமட்டும் இல்லாமல், செம்மண்ணிலும் சரளைக்கல்லிலுமாகவே என் வீடு இருக்கிற ஸ்ரீவராகத்திலிருந்து கடலோரப் பூவாறு வரை போக ஒரு வழி. அதுதான் எங்கள் வேலை. கரமனை ஆற்றங்கரை கிடைத்தது. திருவல்லம் கிடைத்தது. விழிஞ்ஞத்துக்கு அப்புறம் பூவாறு வரை ஓட்டிப் பார்த்தாயிற்று. பாக்கி வெள்ளாயணிக் காயலின் கிழக்குக் கரை மட்டும். அங்கே வழி இருக்கிறதா, தோட்டங்களுக்குள் போய் முட்டி நிற்கிறதா, தெரியவில்லை. ஆபீஸில் நான் வரைகிற சர்வே படத்தில் ஒரு புள்ளிக்கோடு. அவ்வளவே. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினோம். அதற்குள் அவளுக்கு நர்ஸ் வேலைக்கு விசா வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு லலிதா மாமி சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், “ஒத்தைக்கா போறே? கூட ஆரானும் உண்டோ?” ஆபீஸிலிருந்து நாலு பேர் வருகிறார்கள் என்றேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

இடது கை மாவுக்கட்டில். எழுதுகிற கை தப்பியது.

காலையில் மேகம்தான், மழை இல்லை. புஞ்சக்கரி வயல் வரை ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டிக் காயலோரம் இறங்குகிற இடத்தில் கருங்கல் சரிவு. பாசி. முன்சக்கரம் வழுக்கியது மட்டும் ஞாபகம். கண் திறந்தால் கை எனக்குக் கீழே, சைக்கிள் எனக்கு மேலே.

முப்பதடி தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். முதலில் கேட்டது அடி பட்டதா என்றில்லை.

“தமிழா நீங்க? அம்மான்னு கத்துனியளே.”

கத்தியது எனக்கே தெரியாது.

பெயர் செல்வம். பணகுடிப் பக்கம். வயது முப்பத்தைந்து இருக்கும். புஞ்சக்கரியில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை, அங்கேயே நாலு பேராக ஒரு ரூமில். சைக்கிளைத் தம் ரூமில் வைக்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தார். ஆட்டோ பிடித்தார். என் கையைத் துண்டால் கட்டித் தம் மடியில் ஏந்திக்கொண்டு வந்தார், வழி முழுக்க.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: பெயர், நம்பர், உறவு. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணா புனேயில். சொன்னால் முதல் வார்த்தையே சைக்கிளை விற்றுவிடு என்பான். அப்பா அம்மா இல்லை. பிந்துவின் பழைய நம்பரை அடித்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று வருஷம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு வரி நிரப்ப ஆள் இல்லை.

செல்வம் தாளை வாங்கித் தம் நம்பரை எழுதினார். உறவு என்ன என்று அந்தப் பெண் மலையாளத்தில் கேட்டதற்கு, ஊருக்காரன் என்றார். நான் பணகுடியை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

எக்ஸ்ரே. மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் சைக்கிள் தொடக் கூடாது.

போய் மீன் பிடியுங்கள், இருப்பதே ஒரு லீவு நாள் என்றேன். “இருக்கட்டும்க்கா. ரூமுக்குப் போயி என்ன செய்ய? அவனுவ சீட்டு வெளையாடிக்கிட்டு இருப்பானுவ.” மாதம் ஒரு தடவை ஊருக்குப் போவாராம். மகள் நாலாம் வகுப்பு. போனில் பேச வெட்கப்படுகிறாளாம், நேரில் போனால் ஒரு நாள் முழுக்கக் கிட்டே வரமாட்டாளாம். பழகி வரும்போது திரும்ப பஸ்.

மூன்று மணிக்கு என்னை வாசலில் இறக்கிவிட்டு, அதே ஆட்டோவில் போய்விட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

லீவ். தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. ஒரு கையால் முடியாதவை: தேங்காய் துருவ, ஜாடி திறக்க, புடவை கொசுவ. முடிந்தவை: சாதம், மோர். இரண்டு வேளையும் அதுவே.

மாமி ரசம் கொண்டுவந்தாள். ஆபீஸ்காரர்கள் நாலு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டாள். யாரும் வரவில்லை, ஐந்து வாரமாகத் தனியாகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமி திட்டுவாள் என்று நினைத்தேன். சீப்பை எடுத்துத் தலை பின்னிவிட்டாள். இழுத்துப் பின்னினாள். வலித்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

காலையில் சாரல். பத்து மணிக்குச் செல்வத்தின் போன்.

“அக்கா, ஆஸ்பத்திரியில இருந்து எனக்குல்லா விளிச்சாவ. திங்கக்கெழம கட்டப் பாக்க வரணுமாம்.”

சிரித்தேன். எத்தனை நாள் கழித்து என்று தெரியவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார். நேற்று வேலை சீக்கிரம் முடிந்ததாம். தடித்த டயர் எப்படிப் போகும் பார்ப்போமே என்று என் சைக்கிளை எடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வலி தெரியாமலிருக்க நான் கிழக்குக் கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேனாம். போய்ப் பார்த்துவிட்டார். “வழி உண்டுக்கா. ஒரு எடத்துல மட்டும் எறங்கித் தள்ளணும்.”

கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. மூன்று வருஷம் நானும் பிந்துவும் மிச்சம் வைத்திருந்த துண்டு. வேறொருவர், என் சைக்கிளில், ஒரு சாயங்காலம். சரி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே கூப்பிட்டேன். காகிதம், பென்சில், போன் ஸ்பீக்கரில். சாந்துச் சட்டியை வைத்துவிட்டு வந்து சொன்னார்:

— கல்படவு (குளிக்க இறங்குகிற கல்படி) தாண்டி இடது. தென்னந்தோப்பு. கயிறு கட்டிய படல், திறந்து திரும்பக் கட்ட வேண்டும்.
— ஓடை. குறுக்கே இரண்டு தென்னந்தடி. இங்கேதான் தள்ள வேண்டும்.
— அப்புறம் செம்மண், நல்ல கெட்டி. வலது பக்கம் பூரா தாமரை.
— நாய் ஒன்று. குரைக்கும், வராது.
— காக்காமூலையில் தார் ரோட்டில் ஏறிவிடும்.

எங்கள் ஆபீஸில் இவ்வளவு துல்லியமாக இடம் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஓடையின் அகலம் கேட்டேன். தம் நீட்டுக்கு ஒன்றரை ஆள் என்றார். கோடு போட்டேன். காயலோரம் விட்டுப்போயிருந்த துண்டு சேர்ந்துவிட்டது.

நவம்பர் 15, சனி

பிந்துவின் மெசேஜ். அங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறதாம். வார்டு, ரூம், வார்டு. சைக்கிள் வாங்கவில்லை. கிழக்குக் கரை முடிந்ததா என்று கேட்டிருந்தாள். வழி இருக்கிறது, ஆனால் நான் இன்னும் ஓட்டவில்லை என்று எழுதினேன். கையைப் பற்றி எழுதவில்லை. அவளும் ஏதோ எழுதாமல் விட்டிருக்கிறாள் என்று பட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

சைக்கிளைச் செல்வமே ஓட்டிக்கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார். திருவல்லத்துக்கு அப்புறம் ஆற்றங்கரைக்கு எங்கே இறங்க வேண்டும் என்று வழியை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். நாலு மணிக்கு வர வேண்டும். நாலேகால். நாலரை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். பாலை இரண்டு தடவை சுட வைத்தேன். நான் ஓட்டிப் போகும்போது இப்படி ஒருவர் காத்துக்கொண்டு இருந்ததில்லை. இது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

நாலே முக்காலுக்கு வந்தார். திருவல்லத்தில் திருப்பம் தப்பி, எதிர்க்கரைக்குப் போய்விட்டாராம். முழங்கால் வரை சேறு. சைக்கிள் மட்டும் சுத்தம். தெருமுனைக் குழாயில் கழுவியிருக்கிறார்.

டீ கொடுத்தேன். நான் வரைந்த வழிப்படத்தைக் காட்டினேன். கிழக்குக் கரைக் கோட்டின் மேல் விரல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்க ஒரு பலா நிக்கும். விட்டுட்டியளே.”

நீங்கள் சொல்லவே இல்லையே என்றேன். ஆமா, மறந்துட்டேன் என்றார். மரத்தை வரைந்தேன். எந்தப் பக்கம் நிழல் விழும் என்றும் சொன்னார்.

போகும்போது சொன்னார். புஞ்சக்கரி வீட்டு வேலை முடிந்தது. கான்ட்ராக்டருக்கு அடுத்த வேலை கொச்சியில். இன்று ராத்திரியே பஸ், எல்லோரும். இன்னும் ஒரு வாரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. அங்கேயும் காயல் இருக்கிறதே, தூண்டிலை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

“அங்கயும் இப்படி வழி கெடக்கும்லா. பாத்துச் சொல்லட்டாக்கா?”

சொல்லுங்கள் என்றேன்.

ஆறு மணி. மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் போய்ச் சேர்ந்தாரா தெரியவில்லை. கேட்டு மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக். மெசேஜ் இன்னும் போய்ச் சேரவில்லை.