பதினோரு நாள் குரல்

அண்ணே,

மைக்குக்கு மாட்டுற கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்குல்ல, இன்னைக்குக் காலைல அத சோப்புத் தண்ணில போட்டேன். தூசிதான் வரும்னு நெனச்சேன். ஒரு பிழி பிழிஞ்சதும் டீ மாதிரி தண்ணி எறங்குச்சு. ரெண்டாவது தடவையும் அதே கலரு. கூடவே அந்த வாசன. சிகரெட்டும் புதினா மிட்டாயும் கலந்து, நீங்க பக்கத்துல வந்து "தள்ளி உக்காரு லே"ன்னு சொன்ன மாதிரியே இருந்துச்சு. பாத்திரம் கழுவுற மோரியிலயே குத்த வச்சு உக்காந்துட்டேன். அந்தத் தண்ணில பாதி நீங்க ஊதுனது, பாதி நான் ஊதுனது.

சாயங்காலம் நாலு மணிக்கு கிரிக்கெட் ஃபைனல், நான்தான் கமெண்ட்ரி. நான் சிகரெட்ட விட்டு இன்னைக்கு முப்பத்தொம்பதாவது நாள். இத்தன நாளும் மைக்கத் தொடல. தொட்டா கை தானா பாக்கெட்டுக்குப் போயிரும்னு பயம். பத்த வைக்காமப் போனா குரல் வராது, பத்த வச்சா எல்லாம் போச்சு. பான் கடைக்கு இங்கருந்து ரெண்டு நிமிஷம். அங்க போகாம இருக்கத்தான் இத எழுத உக்காந்தேன். நம்ம இன்ஸ்டா பேஜ்லயே போடுவேன். தமிழ்ல தப்பு இருந்தா விட்டுருங்க. நான் இங்கிலீஷ் மீடியம், தமிழ் எழுத்து பூரா போன்லயே பாத்துப் பழகுனது.

உங்கள மொத மொத கேட்டப்ப எனக்குப் பதினாறு வயசு. தாராவில நம்ம வரிச வீட்டுச் சால் பின்னாடி மைதானத்துல அண்டர்ஆர்ம் டோர்னமென்ட். பேஜ்ல படிக்கிறவங்களுக்குச் சொல்றேன், கைய தோளுக்கு மேல தூக்காம கீழருந்து பந்து போடுற ஆட்டம். நான் ஆட்டத்தப் பாக்கவே இல்ல. மேச மேல உக்காந்து மைக்குல கமெண்ட்ரி சொன்ன உங்களத்தான் பாத்தேன். "அரே, அது பேட்டா இல்ல உங்கம்மா துணி தொவைக்கிற கட்டையா?" "பந்து சயான் ஸ்டேஷனுக்குப் போயிருச்சு மக்களே, ஃபீல்டர் இனி டிக்கெட் எடுத்துட்டுத்தான் போகணும்!" தமிழும் ஹிந்தியும் ஒரே மூச்சுல, ரம்பத்த இரும்புல தேச்ச மாதிரி ஒரு கரகரப்பு. செத்தேன் அண்ணே நான். அன்னைக்கே உங்க பேருல பேஜ் ஆரம்பிச்சேன். எடிட்டிங் யாரும் சொல்லித் தரல, வீடியோ பாத்துப் பாத்து நானே கத்துக்கிட்டேன். எல்லாம் உங்களுக்காக.

மொத பந்துக்கு முன்னாடி நீங்க செய்றது ஞாபகம் இருக்கா. கடைசி இழுப்ப இழுத்து, காலுக்குக் கீழ போட்டு நசுக்கிட்டு, மைக்குல ரெண்டு தடவ இருமுவீங்க. உடனே மைதானம் பூரா திருப்பி ரெண்டு தடவ இருமும். சின்னப் பசங்கள்ல இருந்து தாத்தாமார் வரைக்கும். அதுக்கப்புறந்தான் அம்பயர் கையக் காட்டுவாரு. அந்த இருமல வெட்டி ரிங்டோனாப் போட்டது நான்தான். ஒரு வாரத்துல நம்ம சால்ல எந்த வீட்டுல போன் அடிச்சாலும் நீங்க இருமுனீங்க.

பகல்ல நீங்க மாட்டுங்கால ஸ்கூல் வேன் ஓட்டுனீங்க. வேன்ல பிள்ளைங்க இருக்கும்போது தொடமாட்டீங்க. கடைசிப் பிள்ள எறங்குனதும் ரெண்டு சேந்தாப்ல. "விட்டுற வேண்டியதுதான அண்ணே"ன்னு ஒருக்க கேட்டேன். "லே, வேன் ஓட்ட ஊர்ல ஆயிரம் பேரு கெடக்கான். எனக்குன்னு இருக்குறது இந்தக் கரகரப்பு ஒண்ணுதான். இத விட்டா அதும் போயிரும். பெறவு என்னைய எவன் கூப்பிடுவான்?"ன்னீங்க. நீங்க பயந்து நான் பாத்தது அன்னைக்குத்தான். நானும் "ஆமாண்ணே, குரல்தான் மாஸு"ன்னு தலையாட்டுனேன்.

அப்படியும் ஒருக்க நிறுத்துனீங்க. வேன்ல இருமல் நிக்காம வண்டிய ஓரங்கட்டுனீங்களாம். பின்னாடி இருந்த பிள்ளைங்க வெளையாட்டுன்னு நெனச்சு கூடவே இருமிச்சுங்களாம். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த சிகரெட்ட மதினி கையில குடுத்துட்டீங்க.

பதினோராவது நாள் செமிஃபைனல். உங்க குரல் மெலிஞ்சு போயிருந்துச்சு. ஒரு சிக்ஸருக்குக் கத்தப் போயி நடுவுல கீச்சுன்னு ஒடஞ்சுது. "அண்ணே, மைக்குல மதினிய உக்கார வச்சிட்டீங்களா?"ன்னு எவனோ கத்துனான். மைதானமே சிரிச்சுது. நான் அந்தப் பன்னெண்டு செகண்ட வெட்டி, சிரிப்புச் சத்தம் சேத்து, "எங்க பழைய அண்ணன் எங்க?"ன்னு எழுதி ரீல் போட்டேன். நம்ம பேஜ்ல அதுக்கு முன்ன எதுவும் அப்படி ஓடல.

மறுநாள் பான் கடைகிட்ட நின்னுட்டு இருந்தேன். வந்து போனக் காட்டுனீங்க. "நல்லா எடுத்திருக்க லே"ன்னீங்க. கோவமே இல்ல. கடக்காரன்கிட்ட திரும்பி, "பையா, ஏக் பாக்கெட்." எப்பவும் ஒண்ணு ரெண்டா லூஸுல வாங்குற ஆளு நீங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா அண்ணே? சந்தோசப்பட்டேன். "அண்ணன் இஸ் பேக்"னு நெருப்பு எமோஜி போட்டு ஸ்டோரி வச்சேன்.

பத்தொம்பது வயசுல நானும் ஆரம்பிச்சேன். ஸ்டைலுக்கு இல்ல, டென்ஷனுக்கு இல்ல. அந்தக் குரல் வேணும், அவ்வளவுதான். உங்க வேனுக்குப் பின்னாடி நின்னு ஊதும்போது பிடிச்சீங்க.

"ஒனக்கெதுக்குலே இந்த எளவு?"

"குரலுக்குண்ணே."

சிரிச்சீங்க. சிரிப்பு இருமலா மாறி, கண்ணுல தண்ணி வந்து, வேனப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. பெறவு என் சிகரெட் அணஞ்சிருச்சுன்னு உங்க லைட்டர நீட்டுனீங்க. அதுக்காக உங்க மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு. எழுதும்போதுதான் தெரியுது.

அப்புறம் நடந்தது சீக்கிரம் சொல்லிருறேன், மெதுவாச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. தொண்டையில கட்டி. குரல் பெட்டியவே எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்ட. நான் பாக்க வந்தப்ப போன்ல டைப் பண்ணிக் காட்டுனீங்க: "கமெண்ட்ரி வேணுமா? ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடு." நான் சிரிச்சேன். நீங்க சிரிக்கல. போன வருஷம் மழைக்கு முன்னாடி போயிட்டீங்க.

அடுத்த மேட்ச்சுல உங்களுக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். மொத வரிசையில மதினிக்கு நாற்காலி. அந்த அமைதில எவனோ ரெண்டு தடவ இருமுனான். அடுத்த செகண்டு மைதானமே இருமுச்சு. மரியாதன்னு நெனச்சோம் அண்ணே, சத்தியமா. நான்தான் எல்லாரையும் விடச் சத்தமா இருமுனேன். மதினி சேலத் தலப்ப வாயில வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்க.

மைக் என் கைக்கு வந்துச்சு. "அப்படியே அண்ணன் குரல்டா"ன்னு லைவ் சாட்டுல வரும்போதெல்லாம் புல்லரிக்கும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டுன்னு போச்சு. காலைல மோரியில கறுப்பாத் துப்பிட்டு, தண்ணிய ஊத்தி விட்டுட்டு, அடுத்தத பத்த வைப்பேன். நீங்க சொன்ன அதே வார்த்த எனக்குள்ளயும் ஓடும். இத விட்டா நான் யாரு?

ஒன்றரை மாசத்துக்கு முன்ன மதினி போன் பண்ணாங்க. "தம்பி, அவுக பேசுனது எதாச்சும் வச்சிருக்கியா? கத்துறது வேண்டாம். சும்மா பேசுறது."

போன், பழைய போன், கார்டு எல்லாத்தையும் தேடுனேன். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. பூரா கத்தல். ஓவருக்கு நடுவுல நீங்க சாதாரணமாப் பேசுனத எல்லாம் எடமில்லன்னு நானே அழிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் அழியாம இருந்துச்சு. அந்த செமிஃபைனலோட முழு வீடியோ.

கொண்டு போனேன். மதினி தையல் மெஷின்ல பைக்கு ஜிப்பு வச்சுத் தச்சிட்டு இருந்தாங்க. மெஷின நிறுத்துனாங்க. நீங்க ஸ்கோர் எழுதுறவன்கிட்ட கேக்குறீங்க: "தண்ணி குடு மக்கா, வெயிலு மண்டையப் பொளக்கு." அவ்வளவுதான். திரும்பப் போடச் சொன்னாங்க. அஞ்சாறு தடவ கேட்டாங்க.

"இதுதான் அவுக. பொண்ணு பாக்க வந்தப்ப இப்பிடித்தான் பேசுனாக. விட்டிருந்த அந்தப் பதினோரு நாள்ல இந்தக் குரல் திரும்பி வந்துட்டு இருந்துச்சு தம்பி. ஒரு நா காலைல பேரச் சொல்லிக் கூப்பிட்டாக, யாரோன்னு திரும்பிப் பாத்தேன்."

எனக்கு உக்கார முடியல. "மதினி, அந்த ரீலப் போட்டது நான்தான்"னு சொல்லிட்டேன்.

"தெரியும்."

வீடியோவ நிறுத்துனேன்.

"அவுகதான் காட்டுனாக. சின்னப் பய, வெவரம் பத்தாதுன்னாக. எனக்கு அப்பிடித் தோணல."

மெஷின ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நான் எந்திரிச்சேன். தலையத் தூக்காமலே சொன்னாங்க: "நீயும் ஊதுற. சட்ட பூரா நாறுது. மேல வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு எளப்பு. படியில நின்னு ஊதாத."

படியில நிக்கல. அதுக்கப்புறம் எங்கயுமே நின்னு ஊதல.

மணி மூணே முக்கால். கூப்பிடுறாங்க. போயிட்டு வாரேன்.

வந்துட்டேன். பான் கடையத் தாண்டித்தான் போனேன், தாண்டித்தான் வந்தேன். போகும்போது கடக்காரன் கேக்காமலே ஒண்ண எடுத்து நீட்டுனான். "நஹீ பையா"ன்னு சொல்றதுக்குள்ள முதுகெல்லாம் வேர்த்துருச்சு. மொத பந்துக்கு முன்ன எல்லாரும் நான் இருமுறதுக்காகக் காத்திருந்தாங்க. நான் "பந்தப் போடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். மூணாவது ஓவர்ல குரல் ஒடஞ்சுது. சிரிச்சாங்க. சாட்டுல "யார்ரா இது, மைக்க வாங்குங்கடா"ன்னு ஒருத்தன். எவன் அத ரீலாப் போடப் போறான்னு தெரியல. கடைசிப் பந்து வரைக்கும் பேசுனேன். நல்லா இல்ல அண்ணே. ஆனா அது உங்க குரல் இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லிருறேன். சிகரெட்ட விட்ட மொத பதினோரு நாளு நான் தனியா இல்ல. ஒவ்வொரு நாளும் "இத அண்ணன் தாண்டுனாரு"ன்னு சொல்லிக்குவேன். பன்னெண்டாவது நாள் காலைலதான் நெசமா பயந்தேன். உங்கள மாதிரி பேச, நிக்க, நெருப்பு வைக்க எல்லாம் எனக்கு அத்துப்படி. பன்னெண்டாவது நாள் எப்படி இருக்கும்னு மட்டும் நீங்க காட்டல.

நான் காட்ட விடல.

அத வச்சுக்கிட்டுத்தான் தெனமும் எந்திரிக்கிறேன். நாளைக்கு நாப்பது.