நிற்காமல் போகும் ரயில்

சிவமயம்
திருநெல்வேலி டவுன்
18.12.96

அன்பு மகள் சுப்ரஜாவுக்கு அம்மா எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். பதிலுக்கு நீயும் சுகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே, எப்படி இருக்கிறாய் என்று எழுது. கார்த்திகையில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை, ஆற்றில் செவேல் என்று வெள்ளம், குறுக்குத்துறைப் பக்கம் யாரையும் விடமாட்டேன் என்று போலீஸ் நிற்கிறது. அடுத்த வீட்டுப் பார்வதியம்மாள் மருமகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன், மறைத்தால் பிறகு அதற்கும் வருத்தப்படுவாய்.

போன புதிதில் அந்த ரயிலைப் பற்றி எவ்வளவு எழுதுவாய். ஜப்பான் பாஷை வகுப்புக்கு ஓசாகா போகையில் தூங்கி உன் தோளில் சாய்ந்த பள்ளிக்கூடத்துப் பெண், ஆரஞ்சு உரித்துத் தந்த கிழவி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு சிக்னலைப் பார்த்து விரல் நீட்டித் தனக்குத்தானே பேசுகிற டிரைவர். நம்ம திருச்செந்தூர் பாசஞ்சர் டிரைவருக்குப் பேச ஆள் வேணும்னா வண்டியவே நிப்பாட்டிருவாம்லா என்று அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. ஆவணியில் உனக்குப் பிள்ளை தங்காமல் போன பிறகு வந்த கடிதங்களில் ஒரு மனுஷர்கூட இல்லை சுப்ரஜா. உங்கள் சின்ன ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயில் மட்டும்தான் இருக்கிறது, அது வருமுன் அடிக்கும் மணி, துப்பட்டாவை இழுக்கும் காற்று, அவ்வளவுதான். அது போன பிறகு மனசுக்குள் ஒரு சத்தமும் இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்று இன்று வந்ததில் எழுதியிருக்கிறாய். அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

வகுப்பு முடிந்து வீடு சேர்ந்ததும் இங்கே போனில் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிட வேண்டும் என்பது நமக்குள் பேச்சு. மூன்று மணி வாக்கில் அது வந்தால் பிள்ளை வீடு வந்துவிட்டாள் என்று நான் காப்பி போடப் போவேன். நீ வகுப்பை நிறுத்திய பிறகும் அந்த மணி வந்துகொண்டுதான் இருந்தது, எங்கே போய்விட்டு வருகிறாய் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனிலிருந்து பேசினாயே, எங்கட்டி போற என்று கேட்டதற்கு, எங்கயும் போகலம்மா சும்மா உக்காந்திருக்கேன் என்றாய். மேலே கேட்க அன்று எனக்குத் தைரியம் இல்லை. இப்போது கேட்கிறேன், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா அம்மா? என்னிடம் சொல். நான் கோபப்பட மாட்டேன், அழுதாலும் அழுதுகொண்டே கேட்பேன்.

கடிதத்தைப் படித்த கையோடு உன் வீட்டுக்குப் போன் போட்டோம், எடுக்க ஆளில்லை. மாப்பிள்ளை ஆபீசுக்கே அடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அதற்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அவ நல்லாத்தான் இருக்கா அத்தை, தெனமும் ஸ்டேஷன் வரைக்கும் வந்து என்னை வழியனுப்புதா என்றவர், ஸ்டேஷன் என்று தன் வாயாலேயே சொன்னது உறைத்ததும் அழுதுவிட்டார். உடனே புறப்பட்டிருக்கிறார். அவருக்கும் அதே ரயில் பாதைதான், வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகுமாம். உன்னை டாக்டரிடம் காட்டி, பொங்கலுக்கு முன்னால் இங்கே கூட்டிவருவதாகச் சொன்னார். வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள். பேறுகால மருந்து கிண்டித் தருகிறேன், நீயும் பெற்றவள்தான். அப்பா விடாமல் உன் நம்பரைப் போட்டுக்கொண்டே இருக்கிறார், கொஞ்சம் லைனை விடுங்க, அவ கூப்பிட்டாலும் கூப்பிடுவா என்று இப்போதுதான் போனை வாங்கி வைத்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் உன்னைப் பிடித்த கையை விடாதிருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் உண்டு. நேரம் மூன்றரை ஆகிறது, உன் மணி இன்னும் வரவில்லை. இனிமேல் ஒரு மணியோடு வைத்துவிடாதே. நான் எடுக்கும்வரை அடிக்க விடு.

போன் பக்கத்திலேயே இருக்கும்
உன் அம்மா
சொர்ணாம்பாள்